ஒரு டேக் இன்னும் தொங்குகிறது

நடேசண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது நடேசண்ணனின் போன்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். ஓசூரில் என் வீட்டு வாசலில் நின்ற ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்து தூண்டில் பையை எடுத்தேன். மீன் பிடிக்கும்போது மணியடித்துத் தொலைக்கக் கூடாதென்று சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டிருந்த போன், நான் எடுத்த நேரத்தில் ஒளிர்ந்தது. திரையில் அவர் பெயர். அதற்கு முன்பே ஒன்பது முறை அழைத்திருந்தார். "சொல்லுங்கண்ணே, போனு பையிலயே கெடந்துட்டு" என்றேன். வேறு ஒரு குரல், "சார், நான் முனிராஜு பேசறேன், ஏரிக்காவல். பெரியவரு உக்காந்த எடத்துலயே இருக்கறாரு, கூப்புட்டா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு சார்" என்றது.

நம் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து, "நல்ல மனுஷர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருவர் தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டினார். பேச்சு வராமல் இல்லை. பேசினால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்; அதற்குத்தான் தைரியம் வரவில்லை. அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் நான்கு மணி நேரம் அவர் காத்திருந்தது எனக்காக. காத்திருக்க வைத்தது என் அலட்சியம்.

ஷாப்பைப் பார்க்காத வீட்டார்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் டேக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இயந்திரத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவன், இறங்குவதற்கு முன் தன் சிவப்பு டேகை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். உள்ளங்கை அளவுள்ள பிளாஸ்டிக் அட்டை. அதில் அவன் போட்டோ, பெயர், டோக்கன் நம்பர். வெளியே வந்ததும் அவனேதான் அதை எடுக்க வேண்டும். ஒருவன் டேகை இன்னொருவன் தொடக் கூடாது. கடைசி டேக் இறங்கும்வரை சுவிட்சை யாரும் போட முடியாது.

ஒரு நாள் இரும்புத் தகட்டை அழுத்தும் பெரிய பிரஸ்ஸில் வேலை முடிந்து எல்லோரும் டேகை எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு டேக் தொங்கியது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள், ஆள் இல்லை. அந்த ஆள் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நடேசண்ணன் சுவிட்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். உற்பத்திப் பிரிவுக்காரர்கள் காட்டுக் கத்தல் கத்தினார்கள். "அவன் வீட்டுக்குப் போயிட்டான்யா, எல்லாருக்கும் தெரியும்" என்றார் ஒருவர். "தெரியும்ங்கறது வேற, பாத்தேங்கறது வேற" என்றார் நடேசண்ணன். ஜீப் அனுப்பி, பஸ்ஸை வழியில் மறித்து, அந்த ஆளைக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் பார்க்க அவன் தலைகுனிந்து நடந்து வந்தபோது அவர் திட்டவில்லை. "வந்துட்டியா, எடு" என்றார், அவ்வளவுதான். அந்த ஆள் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பணி ஓய்வு விழாவில்கூட அதைச் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஓய்வுக்குப் பிறகு மீன் பிடிக்கப் போகலாம் என்றது அவர்தான். அவர் காவிரி வாய்க்கால்கரைக்காரர், நான் தாமிரபரணிக்காரன். இரண்டு பேரும் மூங்கில் கழியும் மண்புழுவுமாக வளர்ந்து, வேலைக்கென்று இந்த ஊருக்கு வந்த பிறகு நாற்பது வருடம் தூண்டிலைத் தொடவில்லை. "செல்வராசு, நமக்கு மீன் புடிக்கத் தெரியும்ங்கிறியா, தெரிஞ்சிருந்துச்சுங்கிறியா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது என்றேன். பாகலூர் தாண்டி, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் குடில்கள் முடிகிற இடத்தில் ஓர் ஏரி இருந்தது. மீன் குத்தகைக்காரரின் காவலாள் முனிராஜு, ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு தூண்டில் போட்டுக்கொள்ளச் சம்மதித்தான்.

முதல் நாள் நான் வீசிய முள் என் சட்டைக் காலரிலேயே மாட்டியது. நடேசண்ணன் சத்தம் போடாமல் குலுங்கிச் சிரித்தார். ஆனால் தூண்டில் நரம்பில் முள்ளைக் கட்டும் முடிச்சை மட்டும் விரல்கள் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டினேன். அதைத் தவிர மற்ற எதுவும் பிடிபடவில்லை. ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் மீன் எங்கே நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். இந்தத் தண்ணீர் எந்தப் பக்கமும் போகவில்லை. காற்று இல்லாத காலையில் குடில்களின் வெள்ளை பிளாஸ்டிக் முழுவதும் அதில் படிந்து, கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. மேற்குப் பக்கம் கொக்குகள் இருந்தன. கிழக்கு மூலையில் ஒன்றுகூட இறங்காது. அங்கேதான் நல்ல நிழல் இருந்தது, நாங்கள் அங்கேதான் உட்கார்ந்தோம்.

இரண்டாம் வாரம் என் முள் அடியில் எதிலோ சிக்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு என்று தரை ஒழுங்காகத்தான் இறங்கியது. நரம்பைத் தொட இன்னும் ஓர் அடி. "நில்லு" என்றார் பின்னாலிருந்து. மூன்று ஷிஃப்ட்டுக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல். நின்றேன். காலை மெல்ல முன்னால் நீட்டிப் பார்த்தேன். தரை இல்லை. கால்விரலில் பட்ட தண்ணீர் மட்டும் ஐஸ் போலக் குளிர்ந்தது.

கரையில் உட்கார்ந்தபடி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி அவர் சும்மா வீசி வீசி ஆழம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நாலு, நாலு, அஞ்சு என்று வந்த அளவு திடீரென நின்றுபோயிருக்கிறது. நாற்பது முடிச்சும் உள்ளே போய்க் கயிறு தீர்ந்துவிட்டது, குண்டு தரை தொடவில்லை. முனிராஜுவிடம் கேட்டபோது அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அது கெணறு சார். ஏரி வத்தின காலத்துல வெவசாயத்துக்கு வெட்டினது. யாரும் மூடல. தண்ணி போனா கெணறு, தண்ணி வந்தா ஏரி. அந்த மூலைல நாங்க வலை போட மாட்டோம், போட்டா முழுசா வராது" என்றான். இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க அங்க போய் உக்காருவீங்கன்னு யாரு கண்டாங்க" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் ஏரியை மாற்றியிருப்பார்கள். நடேசண்ணன் அடுத்த ஞாயிறு வரைபடத்தாளோடு வந்தார். கரை நெடுக ஆழம் பார்த்து, ஷாப்பில் பாகம் வரைவதைப் போல ஏரியின் அடியை வரைந்தார். எல்லா இடத்திலும் எண் இருந்தது. கிழக்கு மூலையில் மட்டும் ஒரு வட்டம், உள்ளே ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்றேன். "நான் தொடாத எடத்துக்கு நான் எப்படி அளவு போடறது?" என்றார். அந்த இடத்திலிருந்து இழுத்த குண்டை ஒருமுறை என் கையில் வைத்தார். வெயில் ஏறிய நேரத்திலும் சில்லென்று இருந்தது. அங்கே போட்ட தூண்டிலை எந்த மீனும் தொட்டதில்லை. முள்ளில் வைத்த மாவு வைத்தபடியே திரும்பி வரும்.

அன்றைக்கே ஒரு சட்டமும் வந்தது. கரைக்கு இறங்கும் வழியில் ஒரு வேலமரம் நின்றது. ஓய்வு பெறும்போது நாங்கள் ஞாபகத்துக்கு வைத்துக்கொண்ட பழைய சிவப்பு டேகுகளை அதன் கிளையில் மாட்டிவிட்டுத்தான் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும். போகும்போது அவரவர் டேகை அவரவர் எடுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பாக வந்தது. "ஏண்ணே, இங்க என்ன பிரஸ்ஸா ஓடுது?" என்றேன். "ஓடுறதுக்கு சத்தம் இருக்கும்பா. இதுக்கு அதுவும் இல்ல" என்றார். போட்டோவில் இருந்த முப்பது வயது நடேசண்ணனும் முப்பது வயது நானும் முள்கிளையில் தொங்கியபடி காற்றில் திரும்பித் திரும்பி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

பிடிக்காத இன்னொன்றும் அங்கே இருந்தது. ஒரு காலை நான் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல் கன்னடத்தில், "ஊட்ட ஆயித்தா?" என்றது. சாப்பிட்டாயா என்ற சாதாரணக் கேள்விதான். திரும்பினால் யாரும் இல்லை. முனிராஜு சொன்னான்: "எதிர்க்கரைல ஊரு இருக்குது சார். அங்க பேசினா தண்ணி மேல ஓடியாந்து இங்க கேக்கும். ஆனா இங்க பேசினா அங்க கேக்காது. ஏன்னு என்னைக் கேக்காதீங்க." எங்களுக்கு நடுவே தண்ணீர்வரை நீண்டு கிடந்த பெரிய பாறைக்கு அந்தப் புறம் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த நடேசண்ணனுக்கு அந்தக் குரல் கேட்கவே இல்லையாம். அவர் யோசித்துவிட்டுச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார். "கெளம்பும்போது கத்திச் சொல்லிட்டுப் போகக் கூடாது. நேர வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். இந்த எடத்துல குரல நம்பாத."

மூன்று வருடம் இப்படியே போனது. கெண்டையும் ஜிலேபி மீனும் கிடைத்தன. கிடைக்காத நாள்கள்தான் அதிகம். கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பழக்கம் திரும்பியது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அந்த ஏரி எங்களுக்குப் பழகவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் புது ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவனைப் போலத்தான் இறங்கினேன். அவருக்கு அதுதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைசி ஞாயிறு என் மகள் கவிதா சென்னையிலிருந்து வருவதாக இருந்தாள். பத்தரை மணிக்கே கிளம்பினேன். நடேசண்ணன் பாறைக்கு அந்தப் புறம் இருந்தார். சுற்றிக்கொண்டு போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். சோம்பேறித்தனம். நின்ற இடத்திலிருந்தே, "வாரேன்ணே" என்று குரல் கொடுத்தேன். "சரி" என்று பதில் வந்தது. தெளிவாக, பக்கத்தில் வந்தது. நான் வேலமரத்துக்கு வந்து, குடில்களில் பட்டுக் கண்ணைக் கூச வைத்த வெயிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்த டேகை இழுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

முனிராஜு போனில் பேசி முடித்த பிறகு அந்தப் பையில் கைவிட்டேன். டேக் வந்தது. அதிலிருந்து நடேசண்ணன் என்னைப் பார்த்தார். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கவிதா ஓடிவந்து என்னப்பா என்றாள். அவளிடம் அதைக் காட்டினேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நடந்ததை முனிராஜு சொன்னபடியே எழுதுகிறேன். பதினொரு மணிக்கு அவர் மரத்தடிக்கு வந்திருக்கிறார். தன் டேகைக் காணவில்லை, என்னுடையது தொங்குகிறது. எனக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு மரத்தடியில் கிழக்கு மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "வெயிலு ஏறுது, போகலையா சார்னு கேட்டேன். 'ஒருத்தன் இன்னும் உள்ள இருக்கான்'னாரு. தண்ணியப் பாத்தேன், ஒரு அலை இல்ல. அந்த சாரு வண்டிய எடுத்துக்கினு போயிட்டாரே, வண்டியே இல்லையேன்னேன். 'வண்டி போயிருக்கு, அது தெரியுது'ன்னாரு. தூண்டிலாச்சும் போடுங்க, சும்மா எதுக்கு உக்காந்துனு இருக்கீங்கன்னேன். 'உள்ள ஆளு இருக்கும்போது முள்ளு போடக் கூடாதுப்பா'ன்னாரு."

மூன்று மணிக்கு முனிராஜு டீ வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறான். தூரத்திலிருந்தே அவர் பேசுவது கேட்டிருக்கிறது. "'வந்துட்டியா, எடு'ன்னாரு சார். சந்தோசமாத்தான் சொன்னாரு. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன். கிட்ட போனா யாருமே இல்ல. அவரு மட்டும் மரத்துல சாஞ்சுனு இருந்தாரு, கண்ணு தொறந்துனு இருந்துச்சு." டீ ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டே நின்றதாகச் சொன்னான். பிறகுதான் அவருடைய பட்டன் போனை எடுத்து, அவர் கடைசியாக அழைத்திருந்த எண்ணை அழுத்தியிருக்கிறான்.

மாரடைப்பு, வீட்டில் இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்றார்கள். இருக்கலாம். வீட்டில் இருந்திருந்தால் கையை நீட்டும் தூரத்தில் அவர் மனைவி கமலா அண்ணி இருந்திருப்பார். பதினாறாம் நாள் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, டேகை நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்டயும் போன்ல சொன்னாருங்க" என்றார் அண்ணி. "செல்வராசு என்னோடத மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கான் கமலா, வேற ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாரு. அப்பறம் ஏங்க வெயில்ல உக்காந்திருக்கீங்க, வாங்கன்னேன். தெரியும், ஆனா பாக்கலயேன்னாரு. கல்யாணமான புதுசுல மிக்ஸி ரிப்பேருன்னு மெயின் சுவிட்ச்சுல டேக்க மாட்டிட்டு டூட்டிக்குப் போன மனுஷன். சாயந்தரம் அவரு வந்து எடுக்கற வரைக்கும் ஃபேன் இல்லாம உக்காந்திருந்தேன். அவரு கையால எடுக்காதத நான் எப்படி வாங்கறது? நீங்களே வச்சுக்குங்க."

அடுத்த நாள் காலை தனியாக ஏரிக்குப் போனேன். அன்று காற்றே இல்லை. தண்ணீர் முழுக்க வெள்ளை. என் டேக் அதே கிளையில் தொங்கியது. முனிராஜுவும் அதைத் தொடவில்லை. நடுவில் பெய்த மழை அட்டைக்குள் இறங்கி, போட்டோவில் என் முகம் பாதி அழிந்து, மீசையும் ஒரு கண்ணும் மட்டும் இருந்தன. அந்தக் கண் கிழக்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினேழு நாளாக நான் அதற்குள்தான் இருந்திருக்கிறேன். "வந்துட்டேன்ணே" என்று சத்தமாகச் சொல்லி என் டேகை நானே எடுத்தேன்.

பிறகு நின்றேன். அன்றைக்கு எனக்குச் "சரி" என்று சொன்ன குரல் மறுபடி வருமா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். எதிர்க்கரையில் யாரோ மாட்டை அதட்டினார்கள், ஒரு பைக் போனது, கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எல்லாம் பக்கத்தில் கேட்டன. அந்தக் குரல் வரவில்லை. அவருக்கு நான் கொடுக்காமல் விட்ட ஐந்து நிமிடப் பாக்கி என் நெஞ்சில் முள்ளாக நின்றது. பாறையைச் சுற்றி அந்தப் புறம் நடந்து போனேன். அவர் எப்போதும் உட்காரும் இடத்துக்கு முன்னால் நின்று, மூஞ்சி இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்து, "வாரேன்ணே" என்று சொன்னேன். அழுதேன்.

அவர் வரைந்த ஏரியின் படத்தை முனிராஜுவிடம் கொடுத்துவிட்டேன், வட்டத்தை நிரப்பாமலேயே. தூண்டிலை இன்னும் விடவில்லை. வேறு ஒரு புது ஏரி பார்த்திருக்கிறேன், வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். ஆனால் கிளம்பும்போது என் முன்னால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம் இது.

அவருடைய டேக் என் வீட்டில் இருக்கிறது. பீரோவில் பூட்டி வைக்க மனம் வரவில்லை. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். வெளியே போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். எடுக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான், நான் தொட மாட்டேன். நம் ஷாப்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: டேக் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார்.